சங்கீதமும் சபையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் அரங்கிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



கலையும் தன்னை வெளிப்படுத்தலும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். பொருள் பெரிது, நாமோ இன்னும் பல்கலைக்கழக வகுப்பிலே குறிப்பெழுதிக்கொண்டிருப்பவர்கள். ஆதலால் பொதுப்படப் பேசி உங்கள் பொறுமையைச் சோதியாமல், பாடகர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் சொன்னவற்றையும் செய்தவற்றையும் எமது வன்னி மண்ணிலே வைத்து உரைத்துப் பார்க்க எண்ணுகின்றோம். அவர் சென்னையைச் சேர்ந்த கருநாடக இசைப் பாடகர் ரி. எம். கிருஷ்ணா. பெயரைக் கேட்டவுடனேயே முன்வரிசையில் இரண்டொருவர் முகம் சுளிப்பது தெரிகின்றது. நல்லது. எல்லாரும் தலையாட்டும் ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு எம்மை இங்கு அழைத்திருக்க வேண்டியதில்லை.

இவரை ஏன் தெரிந்துகொண்டோம்? 1976ஆம் ஆண்டு பிறந்தவர். செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் பயின்றவர். இளவயதிலேயே பெரிய சபைகளில் முதன்மையான இடத்தைப் பெற்றவர். இத்தகைய சிறப்புகள் வேறு வித்துவான்களுக்கும் உண்டு. எமக்கு நெருக்கமான செய்தி வேறு. போர் ஓய்ந்தபின், 2011ஆம் ஆண்டுக்கும் 2013ஆம் ஆண்டுக்கும் இடையில், அவர் இலங்கையின் வடபகுதிக்கு வந்து பாடினார். முப்பது ஆண்டுகளின் பின்னர் இப்பகுதியிலே சுற்றுலா வந்து பாடிய முதற் கருநாடக இசைவாணர் இவரே என்று, 2016இல் இவருக்கு மகசாய்சாய் விருதளித்தவர்கள் குறித்துள்ளனர்.

முப்பது ஆண்டுகள்! அந்த முப்பது ஆண்டிலும் சென்னையிலே மார்கழி விழா ஒருமுறையேனும் நின்றதில்லை. இங்கே மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இம்மண்டபத்தில் இருக்கின்றது. அவர்கள் கடல் கடந்து வந்த பாட்டைக் கேட்டார்கள். பாடியவரை நேரிற் காணவில்லை. வந்து பாடிய ஒருவர் கலையைப் பற்றி என்ன நினைக்கின்றார் என்று அறிய எமக்கு ஆவல் ஏற்பட்டதிலே வியப்பில்லை அன்றோ?

எங்கள் நாட்டிலே 'கச்சேரி' என்றால் முதலில் நினைவுக்கு வருவது அரசாங்க அதிபரின் அலுவலகம். காலையிலே கோவையும் கையுமாய்ப் போய், வரிசையில் நின்று, எந்த மேசைக்கு எந்தக் கடிதம் என்று தெரியாமல் திகைத்து, மாலையில் 'நாளைக்கு வாருங்கள்' என்ற சொல்லோடு திரும்புவோம். சங்கீதக் கச்சேரியும் பலருக்கு அப்படித்தான் இருக்கின்றது என்பதே கிருஷ்ணாவின் முறைப்பாட்டின் சாரம் என்று சொன்னால் அது மிகையாகாது. எப்போது தலையசைப்பது, எப்போது தொடையில் தட்டுவது, எந்த உருப்படிக்குப்பின் எழுந்து தேநீர் குடிக்கப் போகலாம் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கே அந்த வாசல் திறந்திருக்கின்றது.

இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையும் அனாதியானதன்று. முதலிலே வர்ணம், பின் சில சிறு கீர்த்தனைகள், நடுவே விரித்துப் பாடும் இராகமும் பெரிய கீர்த்தனையும், தனியாவர்த்தனம், அதன்பின் துக்கடாக்கள், ஈற்றிலே மங்களம் என்ற இந்த ஒழுங்கு சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அரியக்குடி இராமானுச ஐயங்காரால் நிலைபெற்றது. அவர் 1890இல் பிறந்து 1967இல் மறைந்தவர். எமது பாட்டனார் காலத்து மனிதர் என்று சொல்லலாம். கிருஷ்ணா இந்த ஒழுங்கைக் குலைத்தார். தொடக்கத்திலே சூடேற்றுவதற்கென்று வைத்திருந்த வர்ணத்தை நடுவிலே முதன்மை உருப்படியாக விரித்துப் பாடினார். இராகத்தை ஆலாபனை செய்துவிட்டுக் கீர்த்தனை பாடாமலே நிறுத்தினார். பக்கவாத்தியம் என்று சொல்லப்பட்ட வயலினுக்கு முதன்மை கொடுத்துத் தாம் சும்மா இருந்தார். மங்களம் பாடாமல் எழுந்து போனதுமுண்டு. சிலர் கோபித்தார்கள், சிலர் புதுமை என்று கொண்டாடினார்கள். எமக்கோ இரண்டும் இரண்டாம்பட்சம். ஒழுங்கு ஒன்று யாருக்காக, எப்போது உண்டானது என்று கேட்கத் துணிந்தாரே, அதுவே பெரிது. வழக்கத்தை மரபென்று நினைத்து ஏமாறுவது சங்கீதத்தில் மட்டும் நடப்பதன்று.

இனி, தன்னை வெளிப்படுத்தல் என்னும் விடயத்திற்கு வருவோம். 2013ஆம் ஆண்டு கருநாடக இசையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதிலே அவர் வற்புறுத்துவதை நாம் விளங்கிக்கொண்டவாறு சொல்வதாயின்: இக்கலையிலே பாட்டின் செய்தி முதலிடம் பெறுவதில்லை; பாடுபவரின் சொந்தச் சுகதுக்கமும் முதலிடம் பெறுவதில்லை; இராகமும் தாளமும் சொல்லின் ஒலியும் கூடி உண்டாக்கும் அனுபவமே முதலிடம் பெறுகின்றது. கேட்டவுடன் இது வறட்டு வாதம்போலத் தோன்றும். பாடுபவர் தம் மனத்தைத் திறந்து கொட்டுவதுதானே கலை என்று எமது வயதினர் எண்ணுவது இயல்பு. கைத்தொலைபேசியிலே நாளொன்றுக்குப் பத்துமுறை தம்மை வெளிப்படுத்தும் காலமல்லவா இது!

ஆனால் முகாரி இராகத்தை எண்ணிப் பாருங்கள். அழுகைக்குரிய இராகம் என்று அதற்குப் பெயர். வீட்டிலே யாராவது முணுமுணுத்தாலும் 'என்ன முகாரி பாடுகிறாய்?' என்று கேட்கின்றோம். எனினும், சபரியின் பாக்கியம் எத்தகையது என்று வியந்து மகிழும் தியாகராசர் கீர்த்தனையும் அதே முகாரியிலேதான் அமைந்திருக்கின்றது. அழுகை இராகத்திலே இல்லை. இராகம் அழுகையையும் தாங்கும், வியப்பையும் தாங்கும். பாடகர் அழுதால் சுருதி போய்விடும். அவர் அழாமற் பாட, கேட்கும் நாம் அழுகின்றோம்.

இவ்விடத்திலே எமக்கு நினைவுக்கு வருவது சபையிலே பாடும் பாட்டன்று. எமது தாய்மார் பாடிய ஒப்பாரி. 2009ஆம் ஆண்டிலே நாம் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். அவ்வாண்டு வைகாசிக்குப் பின்னர், ஒப்பாரி வைப்பதற்கு உடல்தானும் கிடைக்காத வீடுகள் இவ்வட்டாரத்தில் எத்தனை என்று நாம் சொல்லவேண்டியதில்லை. முகாமிலும், திரும்பிவந்து தறப்பாள் கட்டிய வளவிலும், பல மாதம் கழித்து, ஏதோ ஒரு பின்னேரம் திடீரென ஒரு தாய் பாடத் தொடங்குவாள். அவள் புதிய சொற்களைத் தேடவில்லை. தன் தாயும் பாட்டியும் வைத்த ஒப்பாரியின் உவமைகளையே எடுத்தாள்; அதே இழுப்பு, அதே இறக்கம். ஆனால் நடுவிலே, அந்தப் பிள்ளையின் பெயரும், அவன் விட்டுப்போன சைக்கிளும், வெட்டாமற் கிடந்த வயலும் வந்து விழும். அப்போது, சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்து அழுவார்கள். பாட்டு எல்லாருக்கும் பொதுவானது. அந்தச் சைக்கிள் அவளுடையது.

தன்னை வெளிப்படுத்தல் என்பதை இதனினும் தெளிவாக எமக்கு எந்த நூலும் விளக்கவில்லை. பொதுவாகிய ஓர் உருவம் முன்னே இருக்கவேண்டும். அதற்குள் தன் குரலை வைப்பதற்கு ஒருவருக்கு இடமும் இருக்கவேண்டும். வன்னியிலே யானையை அடக்கிய அரியாத்தையின் கதையும் ஒப்பாரியாகவே பாடப்பட்டு வந்திருக்கின்றது. பாடியவர் பெயர் தெரியாது. அதனாற் பாட்டின் உயிர் குறைந்துவிடவில்லை. உருவம் இன்றிக் கொட்டுவது கூச்சல். உருவத்தை மட்டும் காப்பாற்றுவது பரீட்சைச் சங்கீதம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படித்த தங்கைமார் எம்மைக் கோபிக்கவேண்டாம், பரீட்சை வேண்டும். தரம் ஐந்தோடு தம்பூராவைத் துணிபோட்டு மூடிவைப்பதைத்தான் சொல்கின்றோம்.

சொல்லும் பொருளும் முதலிடம் பெறுவதில்லை என்று கிருஷ்ணா சொல்வதை முழுவதும் ஏற்கலாமா? ஒரு பங்கை ஏற்கத்தான் வேண்டும். தியாகராசரின் தெலுங்கு விளங்கியவர் இம்மண்டபத்திலே எத்தனைபேர்? விளங்காமலே உருகியிருக்கின்றோம். விளங்கவேண்டும் என்று கேட்டெழுந்த தமிழிசை இயக்கம் 1943இலே சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைக் கண்டது. அந்தக் கேள்வியும் நியாயமானதே. எமது நாட்டவராகிய விபுலானந்த அடிகளார் 1947இல் வெளியிட்ட 'யாழ் நூல்' இன்னும் ஆழமாகச் சென்றது. மிஷன் பாடசாலையிலே படித்து, விஞ்ஞானத்திலே பட்டம் பெற்று, பின் துறவு பூண்ட அப்பெரியார், பழந்தமிழ்ப் பண்ணையும் யாழின் நரம்பையும் கணிதத்தைக்கொண்டு ஆராய்ந்தார். பக்தியும் கணக்கும் ஒருவரிடமே இருக்க முடியுமென்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டுமோ?

நாமும் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள்தாம். காலை வணக்கத்திலே ஓர்கனோடு பாமாலை பாடுவோம். விசேட நாட்களில் மிருதங்கத்தோடு கீர்த்தனை பாடுவோம். மாலையிலே கோயிலில் பஞ்சபுராணம். காலையிற் பாடிய கீர்த்தனையும் மாலையிற் கேட்ட நாதஸ்வரமும் ஒரே இராகமென்று கண்டுகொண்ட நாளிலே எமக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. தஞ்சாவூரிலே சரபோசி மன்னரின் காலத்தில் வாழ்ந்த வேதநாயக சாத்திரியார் கிறித்தவக் கீர்த்தனைகளைப் பாடி இருநூறு ஆண்டாகின்றது. தமிழிசையை ஆராய்ந்து 1917இலே 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் கிறித்தவரே. ஆதலால், 2018ஆம் ஆண்டு, மாதந்தோறும் இயேசுமீதோ அல்லாமீதோ ஒரு கருநாடக இசைப்பாட்டு வெளியிடுவேன் என்று கிருஷ்ணா அறிவித்தபோது எழுந்த கொந்தளிப்பு எமக்கு வேடிக்கையாக இருந்தது. அவ்வாண்டு கார்த்திகையிலே தில்லியில் அவர் பாடவிருந்த கச்சேரி நிறுத்தப்பட்டது. பின்னர் தில்லி மாநில அரசு வேறோரிடத்தில் அவரைப் பாடவைத்தது. இராகத்துக்கு ஞானஸ்நானமுமில்லை, தீட்சையுமில்லை. இதனைச் சொல்வதனால் சைவத்துக்கு ஓர் இழிவும் வந்துவிடாது.

எனினும் ஓரிடத்திலே நாம் அவரோடு உடன்படவில்லை. பூசை முடிவிலே 'பஞ்சபுராணம் பாடுக' என்றதும் கூட்டத்திலிருந்து ஒரு முதியவர் முன்வந்து பாடுகின்றாரே, அவர் குரல் நடுங்கும்; பண் சற்று விலகும்; ஒருவரும் குறை சொல்வதில்லை. அங்கே சொல்லைக் கழித்துவிட்டு இசையை மட்டும் எடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எல்லாவற்றையும் இழந்து வந்த மக்களுக்கு அந்தச் சொற்களே கூரையாக இருந்தன. சபையின் இசையைப் பற்றிய விதி ஒன்று கோயில் வாசலுக்கும் அப்படியே பொருந்தாது என்பது எம் கருத்து. கிருஷ்ணா எழுதியது சபையின் இசையைப் பற்றியே என்று அவர் பக்கத்தார் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

கூரை என்றோம். கூரைக்குள் வர விடாதவர்களும் இருந்தார்கள். இங்கேதான் கிருஷ்ணாவின் சிந்தனை எம்மைக் குத்துகின்றது. 2020இலே அவர் 'செபஸ்தியன் அன்ட் சன்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். அது மிருதங்கம் வாசித்தவர்களைப் பற்றியதன்று. மிருதங்கம் செய்தவர்களைப் பற்றியது. தஞ்சாவூரைச் சேர்ந்த செபஸ்தியன் என்பவரும் அவர் வழியினரும் கிறித்தவர், தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். பாலக்காடு மணி ஐயர் வாசித்த மிருதங்கங்களைச் செய்தவர் இக்குடும்பத்துப் பர்லாந்து. பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் பதனிட்டு, இழுத்து, சாதம் பூசி, நாதம் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். வித்துவான் கேட்கும் ஓசையைத் தம் காதிலே வாங்கித் தோலிலே எழுதியவர்களுக்கு மேடையிலே பெயர் இல்லை. புனிதமான வாத்தியம் என்கின்றோம். அதைச் செய்த கையைத் தொடாதிருந்தோம். அந்நூலின் வெளியீட்டு விழாவுக்கு முதலிலே இடந்தருவதாகச் சொன்ன கலாசேத்திரம் பின் அந்த அனுமதியை விலக்கிக்கொண்டதும் நடந்த செய்தியே.

சென்னை வேண்டாம், எமது ஊருக்கு வருவோம். மரண வீட்டிலே பறை முழங்குகின்றது. அடிப்பவர் வளவுக்கு வெளியே நிற்கின்றார். அவருடைய கையிலே எத்தனை தாளக்கட்டு இருக்கின்றதென்று தனியாவர்த்தனத்தை வியக்கும் நாம் என்றாவது நின்று கேட்டிருக்கின்றோமா? அவர் பிள்ளைகளிற் பலர் இன்று பறையைத் தொட மறுக்கின்றார்கள். கலை அழிகின்றதே என்று பெருமூச்சு விடுவதற்கு எமக்கென்ன உரிமை? அந்தத் தோலோடு சேர்த்து அவமானத்தையும் கட்டிக் கொடுத்தவர்கள் யார்? தன் தகப்பனைக் கூலிக்கு அழைத்த வாத்தியத்தை எறிந்துவிட்டுப் படிக்கப் போகின்ற பிள்ளையும், தன்னை வெளிப்படுத்தத்தான் செய்கின்றான். இதனைக் கேட்டுப் பெரியவர்கள் மனம் நோகலாம். ஆயினும் சொல்லாமல் விட்டால், இன்று சங்கீதத்தைப் பற்றிப் பேசியது வெறும் ஒலி.

கிருஷ்ணாவைக் குறை சொல்பவர்களின் வாதமும் முழுவதும் பொய்யன்று. வசதியான பிராமணக் குடும்பத்திலே பிறந்து, சபைகள் தரும் புகழ் எல்லாவற்றையும் பெற்றபின், 2015இலே 'மார்கழி விழாவில் இனிப் பாடமாட்டேன்' என்று விலகுவது எளிது. இன்னும் வாசலிலே நிற்பவனுக்கு விலகுவதற்கு எதுவுமில்லை என்கின்றார்கள். சரியான பேச்சு. ஆனால் அவர் விலகியதோடு நிற்கவில்லையே. சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஊரூர் ஆல்கொட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பிலே நண்பர்களோடு விழா எடுத்தார். பறையும் வில்லுப்பாட்டும் பரதமும் கருநாடக சங்கீதமும் ஒரே மேடையில் ஏறின. 2017இலே எண்ணூர்க் கழியோரத்தில் நின்று, 'புறம்போக்கு' என்ற சொல்லுக்கு இராகமாலிகையிலே பாட்டுப் பாடினார். எல்லாருக்கும் பொதுவான நிலம் என்று பொருள்பட்ட சொல், ஏச்சுச் சொல்லாகிவிட்ட கதை அது. காணி உறுதியும் எல்லைக்கல்லும் தேடி அலையும் எமக்கு அந்தப் பாட்டின் பொருளை ஒருவர் விளக்கவேண்டியதில்லை.

2024இலே சென்னை மியூசிக் அக்கடமி அவரைச் சங்கீத கலாநிதியாகத் தெரிந்தபோது, வித்துவான்கள் சிலர் அவ்வாண்டு விழாவிலே பாட மறுத்தார்கள். மறுத்ததும் அவர்கள் உரிமையே. அக்கடமி தன் தெரிவிலிருந்து பின்வாங்கவில்லை. மார்கழியிலே அவர் மீண்டும் அம்மேடையில் அமர்ந்து பாடினார். விலகிப்போன மேடைக்கே திரும்பினாரே என்று எமது வகுப்புத் தோழர் ஒருவர் கேலி செய்தார். தலைமை தாங்குமாறு அழைத்தால் போய்த் தலைமை தாங்குவதிலே என்ன கேலி இருக்கின்றதென்று எமக்கு விளங்கவில்லை.

இனி, நேரமாகின்றது, செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கின்றார். வந்த காரியத்தைச் சொல்லிவிடுகின்றோம்.

எமது மாவட்டங்களிலே கோவலன் கூத்து இருக்கின்றது. முள்ளியவளைப் பக்கத்திலே முல்லைமோடி என்று தமக்கெனத் தனி ஆட்டமுறையே வைத்திருக்கின்றார்கள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலிலே கடல்நீரில் விளக்கெரிவதைக் காணத் தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வருகின்றது. அதே கண்ணகையின் கதையை இரவு முழுவதும் ஆடிக் காட்டும் அண்ணாவியாருக்கு, வேறு விழாக்களிலே நாம் கொடுப்பது பதினைந்து நிமிடம். அதுவும் பரிசளிப்பும் நன்றியுரையும் முடிந்து, கதிரை அடுக்கத் தொடங்கும் வேளையிலே. ஒலிவாங்கி இல்லாத களரிக்கென்று பழகிய உச்சக் குரலை, ஒலிவாங்கிக்கு முன்னே நிறுத்தி, 'ஐயா, சற்று மெதுவாக' என்கின்றோம். தொண்டைநாட்டிலே கட்டைக்கூத்துக் கலைஞரோடு சேர்ந்து கிருஷ்ணா குழுவினர் நிகழ்ச்சி செய்திருக்கின்றார்கள். அங்கே அவர்களுக்கும் இந்தச் சுருதிச் சிக்கல் வந்திருக்கத்தானே வேண்டும்? கூத்தின் சுருதிக்குப் பாடகர் ஏறுவதா, பாடகரின் சுருதிக்குக் கூத்து இறங்குவதா என்பது சின்னக் கேள்வியன்று.

அடுத்த ஆண்டு விழாவிலே ஓர் இரவைக் கோவலன் கூத்துக்கு முழுமையாக விடவேண்டும் என்பது இளைஞர் பகுதியின் கோரிக்கை. மேடை வேண்டாம், மைதானத்து மண்ணிலே களரி அமைப்போம். மறுநாள் மாலை சங்கீதக் கச்சேரி இருக்கட்டும். அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பாடகருக்கு எத்தகைய உறையிலே சன்மானம் வைக்கின்றோமோ, அத்தகைய உறையை அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் வைக்கவேண்டும். எல்லாரும் ஒரே பந்தியிலே இருந்து சாப்பிட வேண்டும். பறை முழக்கும் குடும்பத்தாரிடம் சங்கத்திலிருந்து இருவர் வீடுதேடிப் போக வேண்டும். 'வந்து அடியுங்கள்' என்று சொல்வதற்கு அன்று, 'உங்களுக்கு விருப்பமா?' என்று கேட்பதற்கு. அவர்கள் 'இல்லை' என்றால், விழாவுக்கு வந்து முன்வரிசையில் அமரும்படி அழைத்துவிட்டு வரவேண்டும்.

செலவுக் கணக்கைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கின்றோம். கூத்துக் குழுவினருக்கு வாகனமும், இரவுச் சாப்பாடும், விடியற்காலைத் தேநீரும் அதிலே அடங்கும். பந்தி விடயத்திலே பெரியவர்களுக்குள் கருத்து வேறுபாடு வருமென்று எமக்குத் தெரியும். அதனை மூடிய அறைக்குள் செயற்குழுவிலே பேசி முடிக்காமல், வரும் பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் விவாதத்துக்கு எடுக்குமாறு தலைவர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.